நாலாம் மாடிக் கலங்கரை விளக்கம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுகிறேன். நீயும் அத்தானும் சுகமா என்று முதலில் கேட்பதுதான் முறை, கேட்டுவிட்டேன். நாங்கள் சுகமா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். எங்கள் சமையலறைத் தொட்டி, வீட்டுக்காரரின் குடை, தலைமையாசிரியையின் வலது காது ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், 'சுகம்' என்று மொட்டையாக எழுத மனசு வரவில்லை. ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். நீ அனுப்பிய பார்சலுக்கு ரொம்ப நன்றி. போன வருஷம் அனுப்பிய சட்டைக்கும் நன்றி சொன்னேன், அது ஒப்புக்குச் சொன்னது, கழுத்தே நுழையவில்லை. இது உண்மையான நன்றி.

எங்கள் மகள் வாண்டு விஷயத்தைப் போனில் அரைகுறையாகத்தான் சொன்னேன். பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். நடந்தது இதுதான். வகுப்பில் பாடம் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இவள் வார்த்தைக்கு வார்த்தை நின்று வாசித்திருக்கிறாள். அதற்கு அவளுடைய டீச்சர், "என்னடி, மாடிப்படியா ஏறுறே? இறங்கி வா, மூச்சு வாங்கப் போகுது" என்று சொல்லி, அவளைப் போலவே நின்று நின்று வாசித்துக் காட்டியிருக்கிறார். வகுப்பே சிரித்திருக்கிறது. அன்றிலிருந்து பிள்ளைக்குப் பெயர் 'மாடிப்படி'. அன்றிலிருந்து பிள்ளை பள்ளிக்கூடத்தில் வாயே திறக்கவில்லை. ஆஜர் சொல்லக்கூடக் கைதான் தூக்குகிறாள். வருஷக் கடைசியில் தலைமையாசிரியை முன்னால் ஒரு பக்கம் சத்தமாக வாசித்தால் மேல் வகுப்பு, இல்லாவிட்டால் இதே வகுப்பு, இதே டீச்சர், இன்னொரு வருஷம் என்று எங்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். ஒரு பிள்ளையின் வாயை அடைத்தவர் கையிலேயே அந்தப் பிள்ளையைத் திரும்ப ஒப்படைப்பதற்குப் பெயர் கல்வியாம். நான் மேஜையைத் தட்டியிருப்பேன், உன் தம்பி மனைவி மேஜைக்கடியில் என் காலை மிதித்துவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் உன் பார்சல் வந்தது. ஒரு பழைய சிறுவர் நாவல், கூடவே எங்கிருந்தோ நீ அச்செடுத்த தாள்கள், 'கதையைப் படியுங்கள், குடும்பமாகச் செய்து பாருங்கள்' என்று. கதை எனக்கும் பிடித்துவிட்டது அக்கா. நடுக்கடலில் ஒரு கலங்கரை விளக்கம், அதில் விளக்கு ஏற்றுகிற ஒரு அப்பா, அம்மா, ஒரு பெண்பிள்ளை. மெழுகுவர்த்தி அவர்களே செய்கிறார்கள். படகில் வருகிற சாமானைக் கப்பியும் கூடையும் வைத்து மேலே இழுக்கிறார்கள். உச்சியில் இருக்கிற பெண் ஒரு நீளக் குழாய் வழியாகக் கீழே இருக்கிற அப்பாவோடு பேசுகிறாள். தாள்களை எழுதியவர்தான் யாரென்று தெரியவில்லை. "உங்கள் தோட்டத்தில் விசாலமான இடத்தைத் தேர்ந்தெடுங்கள்" என்று ஆரம்பிக்கிறார். தோட்டம்! எங்கள் வீட்டில் விசாலமான இடம் என்றால் கட்டிலுக்கு அடியில் இருப்பதுதான், அங்கேயும் பெட்டி இருக்கிறது. "அப்பா அம்மா இருவரும் ஓய்வாக இருக்கும் மாலைப் பொழுதில்" என்று அடுத்த வரி. அவள் மருந்துக் கிடங்கில் பகல் முழுக்க நின்றபடி பெட்டி கட்டிவிட்டு வருகிறாள். நான் ஊரில் உள்ள கண்ணாடிக் கட்டடங்களுக்கெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு வருகிறேன். அதில் ஒரு கட்டடத்தில் நாய்க்குத் தனி லிஃப்ட் இருக்கிறது அக்கா, உள்ளே பாட்டு வேறு. வேலை முடிந்து நான் வந்து சேர்கிற எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் நின்று வருஷங்கள் ஆயிற்று. லிஃப்ட் மெக்கானிக் நாலு மாடி நடந்து ஏறி வீட்டுக்குப் போகிறான் என்பது இந்தத் தெருவுக்கே நகைச்சுவை. "நீயே சரி பண்ணக் கூடாதா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். வீட்டுக்காரர் லிஃப்ட் அறைக்குப் பெரிய பூட்டுப் போட்டிருக்கிறார். பூட்டு வாங்கத் தெரிந்த மனுஷனுக்கு ஒரு மோட்டார் பெல்ட் வாங்கத் தெரியவில்லை.

சரி, கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைக்காக மாலை நேர ஓவர்டைமை விட்டேன், தாளில் உள்ளபடியே ஆரம்பித்தோம். முதலில் மெழுகுவர்த்தி. மெழுகை உருக்கினோம், நூலை முக்கினோம், எடுத்தோம், மறுபடி முக்கினோம். வந்தது மெழுகுவர்த்தி இல்லை, சுண்டு விரலில் கட்டுப்போட்ட மாதிரி ஏதோ ஒன்று. ஆனால் வாண்டு அதைக் கையில் பிடித்துக்கொண்டு வீடெல்லாம் நடந்தாள். அதுவரை சரி. மிச்சம் இருந்த மெழுகை நான் தொட்டியில் ஊற்றிவிட்டேன். ஏன் ஊற்றினேன் என்று கேட்காதே, உன் தம்பி மனைவி போதுமான அளவு கேட்டுவிட்டாள். "லிஃப்டுக்கு கிரீஸ் போடுற ஞாபகத்துல குழாய்க்கும் போட்டுட்டீங்களா?" என்றாள். மெழுகு உறைந்து, எங்கள் தொட்டித் தண்ணீர் வேறு வழி தேடி, கீழே மூணாம் மாடியில் இருக்கிற ரிடையர்டு வீட்டுத் தொட்டி வழியாக எழும்பியிருக்கிறது. அவரை எல்லோரும் ரிடையர்டு என்றுதான் கூப்பிடுகிறோம், எதிலிருந்து ரிடையர் ஆனார் என்று யாருக்கும் தெரியாது. கையில் அகப்பையோடு மேலே வந்தார். "தம்பி, என் பாத்திரத்துல உன் வீட்டு ரசம் மிதக்குது. உப்பு கம்மி" என்றார். சண்டை போட வந்தவர் மேஜையில் கிடந்த நாவலைப் பார்த்தார், எடுத்தார், உட்கார்ந்தார். இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. "கூடை கட்டுறது எப்ப? நானும் வரேன்" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

கூடையில்தான் நான் தொழில் புத்தியைக் காட்டினேன். தாளில் போட்டிருந்தது சாதாரண கப்பி: ஒரு கயிறு, ஒரு பக்கம் கூடை, மறு பக்கம் கை. எனக்கு அது பொறுக்கவில்லை. எதிர்எடை இல்லாமல் எதையாவது தூக்குவது எங்கள் தொழிலில் பாவம். லிஃப்டில் ஆள் நிற்கிற பெட்டி ஒரு பக்கம் இருந்தால், அதைவிடக் கனமான இரும்பு மறு பக்கம் தொங்கும், அதனால்தான் மோட்டாருக்குச் சிரமம் இல்லை. பழக்க தோஷம், பால்கனியில் கப்பியை மாட்டி, ஒரு பக்கம் கூடை, மறு பக்கம் மணல் நிரப்பிய தகர டின் கட்டிவிட்டேன். டின் வெறும் கூடையைவிட நல்ல கனம். மேலே சுமை தூக்குவது வெண்ணெய் மாதிரி இருந்தது. ஒரே ஒரு ஒழுங்கு: கூடை கீழே இருக்கும்போது அதைத் தரையில் உள்ள கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் சாமானை எடுக்க வேண்டும். மாட்டாமல் எடுத்தால், மேலே இருக்கிற டின் தடாலென்று இறங்கும், கூடை ராக்கெட்டாகக் கிளம்பும். இதைக் கீழே சலவைக் கடை வைத்திருக்கிற அம்மாவுக்கு ஒரு தடவைதான் சொன்னேன், அவர் மறக்கவே இல்லை. அடுத்த வாரமே கட்டடம் முழுக்கக் கூடையில் ஏறி இறங்க ஆரம்பித்தது. காய்கறி, துவைத்த துணி, ரிடையர்டின் மாத்திரை, இரண்டாம் மாடிக் குழந்தையின் பால் புட்டி. பால்கனிக்குப் பால்கனி ஆள் நின்று, "ஏய், என் மாடியில நிறுத்து!" என்று கூவுவார்கள். வாண்டுதான் இயக்குநர். வாயைத் திறக்க மாட்டாள், விசில் வைத்திருந்தாள். ஒரு விசில் மேலே, இரண்டு விசில் கீழே.

அப்புறம் பேசுகிற குழாய். சலவைக் கடை அம்மா பழைய ரப்பர் குழாய் ஒன்று கொடுத்தார், நீலம் கலந்த தண்ணீர் இறைத்து இறைத்து உள்ளெல்லாம் நீலம் ஏறிப்போன குழாய். இரண்டு முனையிலும் புனல் செருகி, ஒரு முனையை எங்கள் பால்கனியிலும் மறு முனையை அவர் கடைக்குள்ளும் கட்டினேன். நான் மேலேயிருந்து "ஹலோ" என்றேன். கீழேயிருந்து, "துணி நாளைக்குத்தான்" என்று பதில் வந்தது. சோதனை வெற்றி. வாண்டை ஒரு வார்த்தை பேசச் சொன்னேன். புனலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், விசிலை ஊதிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை அக்கா. மெழுகு, கயிறு, கப்பி, குழாய் எல்லாம் வேலை செய்கிறது, என் பிள்ளை வாய் மட்டும் வேலை செய்யவில்லை, இதற்கு எந்த உதிரிப் பாகத்தை மாற்றுவது என்று உட்கார்ந்திருந்தேன்.

இந்த நிலைமையில்தான், நாங்கள் இருவரும் வீட்டில் இருந்த ஒரு லீவு நாள் பகலில், வீட்டுக்காரர் வந்தார். கட்டடத்தின் அழகைக் கூடை கெடுக்கிறதாம். சுவரில் உதிர்ந்துபோன சுண்ணாம்புக்கு இல்லாத அழகு, படிக்கட்டில் எரியாத பல்புக்கு இல்லாத அழகு, என் கூடையால் கெட்டுவிட்டதாம். கீழே நின்றுகொண்டு, "யாரைக் கேட்டு மாட்டினே? இறக்கு!" என்று கத்தினார். நான் பதில் சொல்வதற்குள் குடையின் வளைந்த பிடியைக் கூடையில் மாட்டி இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. குனிந்து கொக்கியைப் பார்த்தார். சலவைக் கடை அம்மா, "ஐயா, அதைத் தொடாதீங்க, பறந்துடும்" என்றார். "என் கட்டடத்துல எது பறக்கணும்னு நான் சொல்வேன்" என்று கழற்றினார். பறந்தது. டின் அவர் பக்கத்தில் தொப்பென்று வந்து உட்கார்ந்தது, அவர் குடை மட்டும் கூடையோடு மாடி மாடியாக எல்லோரையும் தாண்டி மேலே வந்து எங்கள் பால்கனியில் தொங்கியது. இரண்டாம் மாடியில் கைதட்டல். நான் குடையைக் கூடையிலேயே கீழே அனுப்பியிருக்கலாம்தான். எனக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், தோன்றியது.

குடைக்காக மனுஷன் ஏறி வந்தார். இந்தக் கட்டடத்தின் நாலாம் மாடியை அவர் எப்போது கடைசியாகப் பார்த்தாரோ, அவருக்கே நினைவில்லை. வாசலுக்கு வந்து நின்றவருக்குப் பேச்சு வரவில்லை. "நீ... இந்த... கூடை..." என்று வார்த்தைக்கு வார்த்தை நின்றார். உன் தம்பி மனைவி நாற்காலியைப் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். "மெதுவா சொல்லுங்க ஐயா, நாங்க இதை தினமும் பையோட ஏறுறோம்" என்றாள். அவள் குரலில் மரியாதை குறையவே இல்லை, அதுதான் அதில் விஷமே. எல்லோரும் அவருக்கு மூச்சு திரும்பக் காத்திருந்தோம். அந்த அமைதியில் பால்கனிப் புனலிலிருந்து சலவைக் கடை அம்மாவின் குரல் வந்தது: "பாப்பா! இன்னைக்கு சீக்கிரம் ஆரம்பிச்சுடேன். நேத்து புயல்ல கொண்டுபோய் விட்டுட்டு நிறுத்திட்டியே, அந்தப் பொண்ணு மேலே ஏறினாளா இல்லையா? எனக்கு ராத்திரி தூக்கமே வரலை!"

நான் வாண்டைப் பார்த்தேன். வாண்டு தரையைப் பார்த்தாள். வீட்டுக்காரர் எல்லோரையும் பார்த்தார். அப்போதுதான் தெரிந்தது. நாங்கள் வேலையிலிருந்து வருவதற்கு முன்னால் தினமும் அவள் புனலில் வாயை வைத்துச் சலவைக் கடைக்குக் கதை வாசித்திருக்கிறாள். கீழே அந்த அம்மாவும், துணி கொடுக்க வந்தவர்களும், ரிடையர்டும் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். ரிடையர்டு என்னிடம் ஒரு வார்த்தை விடவில்லை! கேட்டால், "சொன்னா நீ கைதட்டி ஆர்ப்பாட்டம் பண்ணுவே, பிள்ளை நிறுத்திடும்" என்றார். அது நியாயம்தான். புனலுக்கு முகம் கிடையாது அக்கா. நின்று வாசித்தாலும் சிரிக்காது. இதை யோசித்துக் கண்டுபிடித்தது அப்பனும் இல்லை, டீச்சரும் இல்லை, அவளே. உன் தம்பி மனைவி அடுக்களைக்குள் போய்த் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால் சுவரைப் பார்த்து நின்று அழுகிறாள். "வெங்காயம்" என்றாள். வெங்காயம் தீர்ந்து இரண்டு நாள் ஆயிற்று.

வாசிப்புச் சோதனை நாளன்று நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, குழாயைக் கழற்றித் தோளில் சுற்றிக்கொண்டு பிள்ளையோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வாசலில் காவல்காரர், "தண்ணி லாரியா? பின்பக்கம் போங்க" என்றார். தலைமையாசிரியையிடம் விஷயத்தைச் சொன்னேன். பிள்ளை இதில்தான் வாசிப்பாள், முகத்துக்கு நேராக வராது, காரணம் உங்களுக்கே தெரியும் என்று டீச்சரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். டீச்சர், "இதெல்லாம் என்ன வேடிக்கை? மாடிப்படிக்கு இப்ப குழாய் வேறயா?" என்று சொல்லிப் புனலைக் கையில் வாங்கி, "கொடுங்க, நானே கேக்கறேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். வாண்டு மறு முனையை எடுத்துக்கொண்டு பக்கத்துச் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே ஸ்டூல் இழுக்கிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து நின்று வாசிக்கப் போகிறாள் என்று எனக்குப் பெருமை. அதற்குள் தலைமையாசிரியை, "வேண்டாம் டீச்சர், எழுந்திருங்க. நான் கேக்கறேன்" என்று புனலை வாங்கி, அதே நாற்காலியில் உட்கார்ந்து, வலது காதில் வைத்துக்கொண்டார்.

முதலில் குரல் வரவில்லை. தண்ணீர் வந்தது. நீலத் தண்ணீர். மேலே ஸ்டூல், கீழே நாற்காலி, நடுவில் குழாய். தண்ணீர் பள்ளத்துக்குப் பாயும் என்பது லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? இத்தனை வாரம் செங்குத்தாகத் தொங்கிய குழாயில் தண்ணீர் எப்படி நின்றது என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. காலையில் சலவைக் கடை அம்மா டிரம் நிரப்ப எடுத்திருக்க வேண்டும், கேட்டால் இல்லை என்று சாதிக்கிறார். காது, கழுத்து, வெள்ளைக் காலர் எல்லாம் நீலம். ஒரு வருஷம் போச்சு, என் பிள்ளையின் வருஷத்தை நானே குழாய் வைத்து ஊற்றிவிட்டேன் என்று நினைத்தேன். டீச்சர் களுக்கென்று சிரித்துவிட்டார். தலைமையாசிரியை திரும்பி, "டீச்சர், சிரிக்காதீங்க. கேக்குது" என்றார்.

கேட்டது. எனக்குக் கேட்கவில்லை, அவர் முகத்தில்தான் பார்த்தேன். அப்பாவுக்குக் காய்ச்சல், புயல் அடிக்கிறது, கதையில் வருகிற பெண் விளக்கு ஏற்றத் தனியாகப் படியேறுகிற பக்கம் அது. ஒவ்வொரு படியிலும் நின்று, காற்று அடங்கக் காத்திருந்து, மறு படி வைப்பாள். வாண்டும் நின்று நின்றுதான் வாசித்திருக்கிறாள். தலைமையாசிரியை ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணி அடித்தது, எழவில்லை. டீச்சர், "ஒரு பக்கம் முடிஞ்சிருக்கும் மேடம்" என்றார். அவர் இன்னொரு கையை மட்டும் ஆட்டினார், ஈ விரட்டுகிற மாதிரி. கதையில் விளக்கு எரிந்த பிறகுதான் புனலைக் கீழே வைத்தார்.

வாண்டு கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். தலைமையாசிரியையின் காதைப் பார்த்ததும் திகைத்து நின்றுவிட்டாள். பிறகு அவர் முகத்துக்கு நேராக, எங்கள் எல்லோர் முன்னாலும், கணீரென்று சொன்னாள்: "பரவாயில்லை மேடம். ரெண்டு தடவை சோப்பு போட்டா போயிடும்." 'மாடிப்படி' ஆனதிலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்தில் என் பிள்ளை ஒரு முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் வாக்கியம் இதுதான் அக்கா. இரக்கத்தோடு பேசியிருக்கிறாள். அவளைப் பார்த்துச் சிரித்தார்கள், அவள் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. மேல் வகுப்புக்குப் போகிறாள். அந்த வகுப்புக்கு வேறு டீச்சர்.

அன்றைக்கு நாலு மாடி ஏறியதில் புத்தி வந்து, வீட்டுக்காரர் லிஃப்ட் அறைப் பூட்டைத் திறந்துவிட்டார். பாகங்களை அவர் வாங்கித் தருகிறார், வேலையை நான் ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா செய்கிறேன், சுவரில் 'உரிமையாளரின் அன்பளிப்பு' என்று பலகை மட்டும் இப்போதே தயார். இருக்கட்டும். இன்றைக்கு எனக்கு யார் மேலும் கோபம் நிற்க மாட்டேன் என்கிறது. அந்தக் கலங்கரை விளக்கத்தில் இல்லாத வசதி எங்கள் கட்டடத்துக்கு வரப்போகிறது, கதை எழுதியவர் வந்து பார்க்கட்டும்.

ஆக, நீ கேட்டதற்குப் பதில்: நாங்கள் சுகம். தாள்களில் உள்ளவை எல்லாம் செய்து முடித்தாயிற்று, அவை செய்ய வேண்டிய வேலையும் முடிந்தது. பயந்து கிடந்த பிள்ளைக்கு ஒரு புத்தகமும் ஒரு குழாயும் வாய் கொடுத்தன. இனி வேறு எதுவும் அனுப்ப வேண்டாம், தொட்டி தாங்காது. அடுத்த வாரத்திலிருந்து நான் மறுபடி ஓவர்டைமுக்குப் போகிறேன். உனக்கு நான் பட்டிருக்கும் நன்றிக் கடனைக் கூடையில் வைத்தால் எந்த எதிர்எடைக்கும் அசையாது. அத்தானுக்கு என் வணக்கம். உன் முழங்கால் வலி குறையட்டும், நீ இங்கே வரும்போது லிஃப்ட் ஓடட்டும்.

உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: அத்தை, நான் வாண்டு. கவரை ஒட்டச் சொல்லி அப்பா என்னிடம் கொடுத்தார். எல்லாம் படித்தேன். அப்பா பாவம், அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அந்தப் புத்தகத்தைப் பார்சல் வந்த மறுநாளே முழுக்கப் படித்து முடித்துவிட்டேன். சொன்னால் அப்பா சீக்கிரம் வீட்டுக்கு வர மாட்டார், மெழுகுவர்த்தியும் கூடையும் செய்ய மாட்டார், அதனால் சொல்லவில்லை. நீலத் தண்ணீரைச் சலவைக் கடை அம்மா விடவில்லை. நான்தான் ஸ்டூலில் ஏறி ஊற்றினேன், பேனாப் பையில் சின்ன பாட்டிலில் கொண்டுபோயிருந்தேன். அது டீச்சர் காதுக்கு. நடுவில் மேடம் வாங்கிக்கொள்வார் என்று எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு தடவை சோப்பு போட்டாலும் போகாது. முன்னாடியே என் கால் கட்டைவிரலில் போட்டுப் பார்த்தேன், இன்னும் இருக்கிறது. மேடமும் தலைமுடியைக் காதுமேல் இழுத்துவிட்டுக்கொண்டுதான் வருகிறார். அப்பா ஓவர்டைமுக்குப் போவதற்குள் இன்னொரு புத்தகம் அனுப்புங்கள். குண்டாக இருக்கட்டும். தாள்களும் நிறைய வேண்டும்.